குறுந்தொகைக்கு ஒரே ஒரு பதிப்பு வாங்குவதென்றால்: உ.வே.சா. பதிப்பு, ஒரு மதிப்புரை

சங்கப் பாட்டில் உணர்ச்சி எப்படி வேலை செய்கிறது என்று உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் 'எந்த உரை வாங்கலாம்?' என்று கேட்டால், 1937இல் உ.வே. சாமிநாதையர் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பின் மறுஅச்சைத்தான் சொல்ல வேண்டும். எளிய உரைகள் பல வந்துவிட்டன. அவை பாட்டு என்ன சொல்கிறது என்று சொல்லிவிடும். எந்தச் சொல் எங்கே நின்று அந்த வேலையைச் செய்கிறது என்று நாமே பிரித்துப் பார்க்க வேண்டுமானால் இந்தப் பதிப்பு வேண்டும். மறுஅச்சு உ.வே.சா. நூல்நிலைய வெளியீடாகக் கிடைக்கிறது.

கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டுகள். 4 அடி முதல் 8 அடி வரை என்பது கணக்கு. 307, 391 ஆகிய இரண்டு மட்டும் 9 அடிக்குப் போகின்றன. பாட்டுக்கு மேலே யார் யாரிடம் சொன்னது என்ற கூற்று விளக்கம். கீழே 'ப-ரை' (பதவுரை), 'முடிபு', 'கருத்து', 'வி-ரை' (விசேட உரை), அப்புறம் மேற்கோளாட்சி, பிற நூல்களில் வரும் ஒத்த இடங்களைக் காட்டும் ஒப்புமைப் பகுதி. பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் இந்நூலுக்கு எழுதிய பழைய உரை நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, பழைய உரைகாரர்கள் எந்தப் பாட்டை எதற்கு எடுத்துக்காட்டினார்கள் என்று சொல்லும் மேற்கோளாட்சிப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அந்தப் பாட்டைப் பழையவர்கள் எப்படிப் படித்தார்கள் என்பதற்குப் பல இடங்களில் அதுதான் மிச்சமிருக்கும் தடயம்.

பக்கத்தை மேலிருந்து கீழே அப்படியே படித்துக்கொண்டு போனால் பாதி இன்பம் போய்விடும். கூற்று விளக்கம் முதலிலேயே கதையைச் சொல்லிவிடுகிறது. கூற்றுகள் புலவர்களே எழுதியவை அல்ல, பின்னால் சேர்ந்தவை என்பதே பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. எனவே ஒரு தாளால் அதை மூடுங்கள். பாட்டை மூன்று முறை வாய்விட்டுப் படியுங்கள். பேசுவது ஆணா, பெண்ணா, தாயா என்று ஊகியுங்கள். அடுத்து ப-ரைக்குப் போகாமல் நேரே முடிபுக்குப் போங்கள். எந்த எழுவாய் எந்த வினையில் முடிகிறது என்று ஓரிரு வரியில் அங்கே கிடைக்கும். பிறகு ப-ரை, கடைசியில் கூற்று. ப-ரையைப் பின்னால் வைப்பதற்குக் காரணம் உண்டு. பொருள் தெளிவதற்காக அது சொற்களை முன்பின் மாற்றிவிடும். குறும்பாட்டில் உணர்ச்சி குடியிருப்பதோ சொல் வரிசையில்.

25ஆம் பாட்டைப் பாருங்கள், கபிலர் பாடியது.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

காதலன் தன்னைக் கூடிய நாளில் சாட்சிக்கு யாரும் இல்லை, ஒரு நாரை (குருகு) மட்டும் இருந்தது என்கிறாள் தலைவி. ஐந்து அடிக்குள் 'தான்' மூன்று முறை வருகிறது. மூன்றும் அவன். 'யான்' ஒரே ஒரு முறை, அதுவும் 'என்ன செய்வேன்' என்ற கேள்வியில். அவன் பெயரில்லை, ஊரில்லை. அவன் பொய் சொன்னால் மறுக்க ஆளில்லை என்ற அச்சத்தை இந்த மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கே சொல்லிவிடுகிறது. பிறகு 'குருகும் உண்டு' என்கிறாள். அந்த 'உம்' என்ற விகுதியில் ஒரு கணம் நம்பிக்கை வருகிறது, ஆனால் அந்தக் குருகு பார்த்துக்கொண்டிருந்தது ஆரல் மீனை. அதன் காலைத் தினைத்தாள் அளவுக்கு உற்றுப் பார்த்திருக்கிறாள் அவள். அது அவளைப் பார்க்கவில்லை.

இப்போது ஈற்றயலடியின் சீரை எண்ணுங்கள். நேரிசை ஆசிரியப்பாவில் கடைசிக்கு முந்திய அடி மூன்று சீர், மற்றவை நான்கு. 'ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்.' நான்கு சீர் நடைக்குப் பழகிய காது அங்கே ஒரு சீர் குறைந்து தடுக்கி நிற்கிறது. நல்ல புலவர்கள் அந்தத் தடுக்கலை வீணாக்குவதில்லை. 40ஆம் பாட்டில் 'செம்புலப் பெயல்நீர் போல' அந்த இடத்தில்தான் நிற்கிறது. 58இல் 'வெண்ணெய் உணங்கல் போல', 8இல் 'ஆடிப் பாவை போல', 167இல் 'இனிதெனக் கணவன் உண்டலின்'. பாட்டு திரும்பும் இடம் அந்தச் சிந்தடி, அதாவது மூன்று சீர் அடி. இந்தக் கணக்கை நீங்களேதான் போட வேண்டும். உரையின் வேலை பொருளோடு நின்றுவிடுகிறது. இதை ஒரு குறையாகவே சொல்லத் தோன்றுகிறது.

புதிதாகப் படிப்பவர்கள் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 58இல் 'பரந்தன்று இந்நோய்', 167இல் 'நுண்ணிதின் மகிழ்ந்தன்று', 3இல் 'வானினும் உயர்ந்தன்று'. இன்றைய காதுக்கு 'அன்று' என்றால் 'அல்ல'. அப்படிப் படித்தால் நோய் பரவவில்லை, முகம் மகிழவில்லை என்று பொருள் தலைகீழாகிவிடும். இங்கே அது ஒன்றன்பால் இறந்தகால வினைமுற்று. பரந்தது, மகிழ்ந்தது, உயர்ந்தது. ஐயம் வந்தால் ப-ரையைப் பார்த்துக்கொள்ளலாம்.

வெள்ளிவீதியாரின் அந்த 58ஆம் பாட்டு உவமை கட்டுவதற்கு ஒரு பாடம். வெயில் காயும் பாறை, அதில் வெண்ணெய், காவலுக்கு ஒருவன். அவனுக்குக் கையில்லை, எடுத்து நிழலில் வைக்க முடியாது. பேச்சில்லை, ஆளைக் கூப்பிட முடியாது. கண் மட்டும் உண்டு. இதில் ஒன்றைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது: கையிருந்தால் காப்பாற்றிவிடுவான், வாயிருந்தால் யாராவது வருவார்கள், கண்ணும் இல்லாவிட்டால் துன்பமே தெரியாது. 'பரந்தன்று' என்ற ஒரே வினை உருகும் வெண்ணெய்க்கும் காதல் நோய்க்கும் பொதுவாக நிற்கிறது.

உள்ளுறையை, அதாவது இயற்கை வருணனைக்குள் மறைத்து வைத்த உவமையைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி. 'போல', 'அன்ன' இருந்தால் அது வெளிப்படை உவமை. இயற்கை வருணனை ஒன்று 'ஊரன்', 'நாடன்', 'சேர்ப்பன்' என்ற சொல்லுக்கு அடைமொழியாக வந்து நின்றால் அங்கே நின்று யோசியுங்கள். 8ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் இரண்டையும் வைத்திருக்கிறார். வயலோர மாமரத்துப் பழம் தானே விழுகிறது, பொய்கை வாளை கவ்விக்கொள்கிறது. அப்படிப்பட்ட ஊரன் அவன். பேசுபவள் பரத்தை. 'நான் பிடித்து இழுக்கவில்லை, தானே வந்து விழுந்தான்' என்பதை அவள் வாய் சொல்லவே இல்லை, மாம்பழம் சொல்கிறது. மனைவி முன்னால் அவன் கண்ணாடிப் பிம்பம் போலக் கையும் காலும் தூக்குகிறான் என்ற ஏளனத்தை மட்டும் வெளிப்படையாக வைக்கிறாள். எதை மறைக்க வேண்டும், எதை உடைத்துச் சொல்ல வேண்டும் என்பதில் இருக்கிறது அந்தக் குரலின் கோபம்.

கூடலூர் கிழாரின் 167க்கு முடிபுப் பகுதி மிகவும் உதவும். பாட்டு முழுதும் ஒரே வாக்கியம். தயிர் பிசைந்த விரல், துவைக்காமல் உடுத்த ஆடை, கண்ணில் தாளிப்புப் புகை, துழாவிச் சமைத்த புளிப்புக் குழம்பு என்று வினையெச்சமும் பெயரெச்சமும் அடுக்கிக்கொண்டே போய் ஆறாம் அடியில்தான் வினை வருகிறது. எழுவாயான 'முகன்' கடைசிச் சொல். அவள் மகிழ்ந்தாள் என்றுகூட இல்லை, முகம் மகிழ்ந்தது, அதுவும் நுண்ணிதாக. பார்த்து வந்து சொல்பவள் செவிலி, கேட்பவள் பெற்ற தாய். இத்தனை சிறிய அசைவையும் வளர்த்தவள் கண் தவறவிடவில்லை.

குறைகளும் உண்டு. மூலம் சீர் பிரித்து, புணர்ச்சி கலைக்காமல் அச்சாகியிருக்கிறது. 40ஆம் பாட்டில் 'மெவ்வழி யறிதும்' என்று இருப்பதை 'எவ்வழி அறிதும்' என்று படிக்கப் பழக ஒரு வாரமாவது ஆகும். இதற்கு அஞ்சி இணையத்தில் சந்தி பிரித்த மூலத்துக்குப் போகிறவர்கள் சீர்க் கணக்கை இழக்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. ஒப்புமைப் பகுதி சில பாட்டுகளுக்கு உரையைவிட நீண்டுவிடுகிறது. முதல் வாசிப்பில் விட்டுவிடலாம். உரைநடை 1930களுடையது, 'கையுறை' (காதலிக்குத் தரும் பரிசு), 'வரைவு' (திருமணம்), 'இற்செறிப்பு' (பெண்ணை வீட்டுக்குள் காவலில் வைப்பது) போன்ற துறைச் சொற்கள் தெரியும் என்று எடுத்துக்கொண்டே எழுதியிருக்கிறார். இந்தப் பத்திருபது சொற்களை முதல் நாளே ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

பள்ளிப் பாடத்துக்குப் பொருள் மட்டும் வேண்டுமென்றால் இது தேவையில்லை. கவிதை எழுதுகிறவர்களும் தமிழ் கற்பிக்கிறவர்களும் வாங்கட்டும். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுக்கு மேல் வேண்டாம். 1இலிருந்து வரிசையாகப் போகாமல், மேலே சொன்ன 25இல் தொடங்குங்கள்.