ஓவியக் கண்காட்சியில நடந்த கவிதை ஒர்க்‌ஷாப், பசங்களை தாராளமா அனுப்பலாம்

பொண்ணை அனுப்பியிருந்தேன், நல்லாவே நடத்துனாங்க. முதல்ல வான்கோ 1889-ல வரைஞ்ச நட்சத்திர இரவு பிரிண்ட்டை காட்டி, அழகு சோகம்னு எதுவும் போடாம கண்ணுல படுறதை மட்டும் எழுதுங்கன்னு சொல்லிட்டு அப்புறம்தான் ஹாலுக்குள்ள விட்டாங்க, ஆளுக்கு ஒரு படம், அதுக்குள்ள இருக்கிற யாராவது ஒருத்தரா மாறி பேசணும். இவ ஆளை விட்டுட்டு மூலையில கிடந்த காலி நாற்காலியா பேசியிருக்கா, "எல்லாரும் எழுந்து போனப்புறம்தான் என்னை வரைஞ்சாங்க"ன்னு ஒரு வரி, அசந்துட்டேன் போங்க! படத்துக்குப் பக்கத்துல இருக்கிற குறிப்பை கடைசியிலதான் படிக்க விட்டாங்களாம், அது நல்ல ஐடியா, இல்லன்னா பசங்க அதையே காப்பி அடிச்சிருப்பாங்க. குறைன்னா கூட்டம் ஜாஸ்தி, திருத்தி எழுத நேரமே பத்தல, கூச்சப்படுற பசங்க வாசிக்காமலே கிளம்பிட்டாங்க. எதுகை மோனை, யாப்பு கத்துக்கணும்னா இது அதுக்கான கிளாஸ் இல்ல.