ரெசிஸ்டன்ஸ் பேண்ட்: மூன்று வருடம் இழுத்த அனுபவம்

இழுத்து உடற்பயிற்சி செய்யும் ரப்பர் பட்டைதான் ரெசிஸ்டன்ஸ் பேண்ட். 2022 ஆகஸ்டில் வாங்கியது. ஐந்து பட்டை உள்ள லேடெக்ஸ் (இயற்கை ரப்பர்) செட், 700 ரூபாய்க்குள். அதற்கு முன்பு ஜிம்முக்கு 6 மாதப் பணம் கட்டிவிட்டு, மொத்தம் 11 நாள்தான் போனேன். வீட்டில் நானும் மகளும் மட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுப் போவேன். "இன்னைக்கும் ஜிம்மா தம்பி?" என்று ஒருநாள் அவர் கேட்டதோடு சரி.

அந்தச் சமயத்தில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் படுக்கை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பிரெட்டும் பிஸ்கட்டும் தின்றே அந்த இரண்டு நாளை ஓட்டினாள். நான் படுத்தால் அடுப்பு பற்றவைக்க ஆளில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வலி குறைந்ததும் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்தேன். பேண்ட் வாங்கச் சொன்னவர் அவர்தான்.

ஜன்னல் கம்பியில் மாட்டி இழுப்பேன். காலில் மிதித்துக்கொண்டு உட்கார்ந்து எழுவேன். குக்கர் மூன்று விசில் அடிப்பதற்குள் ஒரு சுற்று முடியும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், வாரம் இரண்டு நாளாவது தசைப் பயிற்சியும் வேண்டும் என்கிறது. முன்பெல்லாம் ஒரே மூச்சில் 10 நிமிடமாவது நடந்தால்தான் அது கணக்கு. 2020-இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நாலு நிமிடத்துக்கு ஒருமுறை "அப்பா, சாக்ஸ் எங்க?" என்று குரல் வரும் வீட்டுக்கு இது பெரிய சலுகை.

குறைக்கு வருகிறேன். வாங்கிய எட்டாம் மாதம் சிவப்புப் பட்டை பட்டென்று அறுந்து மணிக்கட்டில் அடித்தது. தடிப்பு ஒரு வாரம் இருந்தது. கடைக்காரரைத் திட்ட முடியாது, தப்பு என்னுடையது. மகளுக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துத் தலை பின்னிவிட்டு அதே கையோடு பட்டையைப் பிடிப்பேன். லேடெக்ஸுக்கு எண்ணெய் ஆகாது, பிசுபிசுத்து நைந்துபோகும். வெயிலும் ஆகாது. நானோ ஜன்னலிலேயே தொங்கவிட்டிருந்தேன். இப்போது முதலில் பயிற்சி, பிறகுதான் பின்னல். வாரம் ஒருமுறை துடைத்து, பவுடர் தூவி, பீரோவில் வைக்கிறேன். தினமும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்து, கீறல் தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடுவேன். முகத்துக்கு நேராக இழுப்பதே இல்லை.

எடை குறைந்தது 3 கிலோதான். தொப்பை அப்படியே இருக்கிறது. ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) 6.2-இலிருந்து 5.8-க்கு வந்தது. ராத்திரிச் சோற்றைக் குறைத்ததற்கும் அதில் பங்குண்டு, பேண்டுக்கே முழுப் பெயரையும் கொடுக்க மாட்டேன். தண்ணீர் கேனை இப்போது யோசிக்காமல் தூக்குகிறேன். படுத்தால் தூக்கம் வருகிறது.

நான் எதிர்பார்க்காதது கோபம் குறைந்ததுதான். ஏழாம் வாய்ப்பாட்டில் அவள் தடுமாறினாலே என் குரல் ஏறிவிடும். இப்போதும் சில நாள் ஏறும். "பேண்டை எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குப் போங்கப்பா" என்பாள். போவேன்.

செட்டில் மிச்சமிருப்பது மூன்று பட்டை. அடுத்தது துணி சுற்றிய ரகமாகப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் எண்ணெய்க் கைக்குத் தாங்கும் என்று நினைக்கிறேன்.