மேன்ஷனா, பிஜியா, நண்பர்களோடு வீடா?

மாத வாடகைக்கு அறை விடும் மேன்ஷன், சாப்பாட்டோடு தங்க இடம் தரும் பிஜி (பேயிங் கெஸ்ட் விடுதி), நண்பர்களோடு எடுக்கும் வாடகை வீடு என்று சென்னையில் இந்த மூன்றிலும் இருந்து பார்த்துவிட்டேன். புதிதாக வேலைக்கு வருபவர்கள் மாத வாடகையை மட்டும்தான் கேட்கிறார்கள். நானாக இருந்தால், அட்வான்ஸ் எவ்வளவு, கிளம்பினால் அது எப்போது கைக்கு வரும் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

திருவல்லிக்கேணி மேன்ஷனில் அந்தக் கவலை குறைவு. அடையாள அட்டை நகலும் ஒரு மாத அட்வான்ஸும் கொடுத்துவிட்டு அன்று இரவே தூங்கிவிட்டேன். கீழே இறங்கினால் மெஸ், கொஞ்ச தூரம் நடந்தால் மெரினா. ஆனால் அறையில் காற்று வராது, ஒரு தளத்துக்கே பொதுவான பாத்ரூம், காலை ஏழு மணிக்கு மேல் போனால் வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். பெரும்பாலும் ஆண்களுக்கு மட்டும்தான் அறை தருவார்கள் என்பதால் பெண்களுக்கு இது வழியே இல்லை.

ஐடி கம்பெனிகள் இருக்கும் ஓஎம்ஆர் சாலைப் பக்கம் பிஜி என்றால் சாப்பாடு, வைஃபை, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்த்து ஒரே தொகை. மூன்று பேர் அறையில் நமக்கென்று இருப்பது ஒரு கட்டிலும் ஒரு அலமாரியும்தான். 2019 கோடையில் தண்ணீர் லாரி வராத நாட்களில் ஆளுக்கு இரண்டு வாளி என்று அளந்து கொடுத்தார்கள். காலி செய்யும்போது மெயின்டனன்ஸ் என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொள்வார்கள், அது எவ்வளவு என்று சேரும் அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

எனக்குப் பிடித்தது வீடுதான். நமக்கென்று சமையலறை, ஊரிலிருந்து அம்மா வந்தால் தங்க ஒரு இடம். ஆனால் அடி விழுவதும் இங்கேதான். சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் அதுதான் செல்லும், அதனால் அந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கரண்டையும் கேளுங்கள். தனி இணைப்பு இருந்தால் அரசு தரும் இலவச யூனிட் கிடைக்கும், ஓனர் தன் இணைப்பிலிருந்து பிரித்துத் தரும் சப் மீட்டர் என்றால் அவர் சொல்வதுதான் ரேட்.

வேளச்சேரியில் நாங்கள் நான்கு பேர், அக்ரிமென்ட் என் ஒருவன் பெயரில். ஒருவன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனபோது தன் பங்கு அட்வான்ஸைக் கேட்டான், அவன் கேட்டது நியாயம். ஓனரோ, மொத்தமாகக் காலி செய்தால்தான் தருவேன் என்றார். மூன்று பேரும் சம்பளத்திலிருந்து போட்டுக் கொடுத்தோம், அந்த மாதம் எனக்கு ரொம்பக் கஷ்டம். கடைசியில் வீட்டைக் காலி செய்தபோது பெயின்டிங் என்று ஒரு மாத வாடகையையும் பிடித்துக்கொண்டார்கள்.

அடுத்து நாங்கள் குடிபோன வீட்டில் அக்ரிமென்டில் எல்லார் பெயரையும் போட வைத்தோம். அப்புறம் யார் எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தது என்று தனியாக ஒரு தாளில் எழுதி, நான்கு பேரும் கையெழுத்துப் போட்டு, சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். போகிறவருக்குப் புதிதாக வருகிறவர் பணத்தைக் கொடுப்பார், பழைய பெயரை அடித்துவிட்டு அதற்கு மேலே தன் பெயரை எழுதுவார். இதுவரை அப்படி மூன்று பெயர்கள் மாறியிருக்கின்றன, பணத்துக்காக ஒரு சண்டைகூட வந்ததில்லை.