"டிமென்ஷியா ட்ரெயினிங் முடிச்ச ஆள்" என்று அனுப்புகிறார்கள், ஜாக்கிரதை

அல்சைமர் போன்ற டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவரை வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறவர்கள் டெபாசிட் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பா பெரம்பூர் ஐசிஎஃப் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். இப்போதும் சாயங்காலமானால் "ஷிஃப்டுக்கு நேரமாச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்பார். பொழுது சாயும்போது பதற்றம் கூடுவது இந்த நோயில் சகஜம். ராத்திரியும் சரியாகத் தூங்கமாட்டார். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள் என்பதால் ஒரு ஹோம் நர்சிங் ஏஜென்சியில் பேசினோம். மாதம் 28,000 ரூபாய், அதே அளவு டெபாசிட். டிமென்ஷியா ட்ரெயினிங் முடித்த அனுபவசாலி வருவார் என்றார்கள்.

வந்த தம்பிக்கு இருபது வயது இருந்தால் அதிகம். ஆனால் அவன் வந்த பிறகு அப்பா ராத்திரி முழுக்கத் தூங்கினார். போகப்போகப் பகலிலும் தூங்கினார். சோற்றைப் பிசைந்த கை தட்டிலேயே கிடக்கும், வாய்க்குப் போகாது. சூப்பர்வைசரைக் கேட்டால் "வியாதி அடுத்த ஸ்டேஜுக்குப் போகுது சார்" என்றார்.

ஒருநாள் அப்பாவுக்குச் சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டது. அடிவயிறு கல் மாதிரி இருந்தது. ஆஸ்பத்திரியில் டியூப் போட்டுத்தான் எடுத்தார்கள். "சளிக்கோ அரிப்புக்கோ ஏதாவது மாத்திரை குடுக்கறீங்களா?" என்று டியூட்டி டாக்டர் கேட்டார். தம்பியைக் கேட்டேன். அவனே பையைத் திறந்து காட்டினான். உள்ளே அலர்ஜிக்குக் கொடுக்கும் ஏவில் மாத்திரை அட்டைகள், பாதிக்கு மேல் காலி. "தாத்தா ராத்திரி எழுந்தா ரெண்டு குடுத்துருன்னு ஆபீஸ்ல சொன்னாங்கண்ணா."

ஏவில் எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைப்பதால் சாதாரண மாத்திரை என்றே நினைப்போம். டாக்டர் விளக்கியபோதுதான் விபரீதம் புரிந்தது. மறதி நோய்க்கு அப்பா சாப்பிடும் டோனெபெசில் மாத்திரை, மூளையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ஏவிலில் இருக்கும் ஃபெனிரமின் அதே வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கிறது. குழப்பம் கூடும், தடுமாறி விழுவார்கள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளும். ஏவிலை நிறுத்திய சில நாளில் அப்பா தானே சாப்பிட ஆரம்பித்தார். அடுத்த ஸ்டேஜ் என்று அவர்கள் சொன்னது பச்சைப் பொய்.

அந்தத் தம்பிமேல் எனக்குக் கோபமில்லை. அவன் கைக்குப் போனது எங்கள் பணத்தில் பாதிகூட இல்லை. ட்ரெயினிங் என்பது ஆபீசில் உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்ததுதானாம். வார லீவு கிடையாது. பகல் முழுக்க வேலை செய்துவிட்டு ராத்திரியும் விழித்திருக்க எந்த மனுஷனால் முடியும்? இதைத் தெரிந்தேதான் மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

டெபாசிட்டைத் திருப்பிக் கேட்டதற்கு, வேறு ஆள் தருகிறோம், பணம் வராது என்றார்கள். ஆளை அறிமுகம் செய்வதோடு எங்கள் பொறுப்பு முடிந்தது என்று ஒப்பந்தத்தின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதாம்.

ஏஜென்சியில் பேசும்போது ராத்திரி யார் விழித்திருப்பார், வார லீவுக்கு மாற்று ஆள் உண்டா, வருகிறவர் கையில் எவ்வளவு சம்பளம் போகிறது என்று முகத்துக்கு நேரே கேளுங்கள். நர்ஸ் என்று சொன்னால் தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் பதிவு எண்ணை வாங்கிப் பாருங்கள். வருகிறவரிடம், "பெரியவர் வீட்டிலேயே இருந்துகிட்டு வீட்டுக்குப் போகணும்னு அடம்பிடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். கொஞ்ச தூரம் கூட நடந்து கூட்டிவருவேன், பேச்சை மாற்றுவேன் என்கிறவர் வேலை தெரிந்தவர். கதவைப் பூட்டுவேன் என்றால் வேண்டாம். மாத்திரைப் பெட்டி பூட்டோடு உங்களிடமே இருக்கட்டும். திடீரென்று மந்தமாகிவிட்டால் ஏஜென்சியிடம் விளக்கம் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள், நேராக டாக்டரிடம் போங்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் பணம் கட்டிய ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தொலைக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. முதியோர் துன்புறுத்தலுக்கு 14567 இருக்கிறது. நான் ஆணையத்தில் புகார் கொடுத்துவிட்டேன். அந்தத் தம்பியும் தனக்குச் சொல்லப்பட்டதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறான்.