மாடித்தோட்டத் தளை: ஒரு வீட்டுக்குப் போதாது, பத்து வீடு சேர்ந்தால் வேறு கதை

தோட்டக்கலைத் துறை மானியத்தில் தரும் மாடித்தோட்டப் பொருட்களுக்கு அரசாணைத் தமிழில் 'தளை' என்று பெயர். மக்கள் வாயில் அது 'கிட்'. தளைக்குக் கால்விலங்கு என்றும் பொருள் உண்டு. தனி ஒரு குடும்பம் வாங்கி, மே மாதம் ஊருக்குப் போய்விட்டு வந்து பார்க்கும்போது அந்தப் பொருள்தான் பொருந்தும். ஆனால் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டுப் பத்து வீடுகள் ஆளுக்கொன்று வாங்கி, ஒரே மொட்டை மாடியில் சேர்த்துப் போட்டால், கொடுத்த காசுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது கஷ்டம். இந்த மதிப்பீடு அந்தக் கூட்டுத் தோட்டக் கணக்கில் எழுதப்பட்டது.

2013-14-இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் இது. விலை ஆண்டுக்காண்டு மாறும். 2021-22-இல் 900 ரூபாய் மதிப்புள்ள தளை 225 ரூபாய்க்குக் கிடைத்தது; பிறகு மானியம் மதிப்பில் பாதியானதும் விலை 450 ஆனது. வாங்கும் முன் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நடப்பு விலையையும் இருப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு தளை. ஆதார் நகல் கேட்பார்கள். அதனால் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் மொத்தமாக வாங்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வீட்டுக்கு வீடு தனித்தனியாகத்தான் பதிவு செய்ய வேண்டும்.

உள்ளே இருப்பவை: ஆறு வளர்ப்புப் பைகள், இரண்டு கிலோ தென்னைநார்க் கழிவுக் கட்டி ஆறு, ஆறு வகைக் காய்கறி விதை, 400 கிராம் உயிர் உரம், 200 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மைப் பூஞ்சை), 100 மில்லி வேப்பெண்ணெய் மருந்து, ஒரு கையேடு. பட்டியலைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிக்கல் 'ஆறு' என்ற எண்ணில் இருக்கிறது.

வெண்டையை எடுத்துக்கொள்வோம். ஒரு பையில் இரண்டு செடி நிற்கும். நல்ல காய்ப்பில் இருக்கும் செடி இரண்டு நாளைக்கு ஒரு காய் தரும். அப்படியானால் அந்தப் பையிலிருந்து நாளுக்கு ஒரு காய். நாலு பேருக்குப் பொரியல் என்றால் கால் கிலோ, அதாவது பதினெட்டு இருபது காய் வேண்டும். சேர்த்து வைக்கலாமென்று செடியிலேயே விட்டால் மூன்றாம் நாள் முற்றி, நுனி ஒடியாத நாராகிவிடும். பறித்துக் குளிர்பெட்டியில் சேர்த்தால் முதல் காய் சுருங்கிய பிறகே கடைசிக் காய் வரும். ஆறு பையில் ஆறு வகை போட்டவர் வீட்டில் எல்லாம் காய்க்கும், எதுவும் சமையலுக்கு எட்டாது. இரண்டாம் மாதத்தில் ஆர்வம் போவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

பத்துத் தளை சேர்ந்தால் 60 பை. இதை வகை பிரித்துப் போட வேண்டும்: கீரைக்கு 16, வெண்டைக்கு 16, கத்தரிக்கு 10, தக்காளிக்கு 8, மிளகாய்க்கு 6, கொத்தவரைக்கு 4. இப்போது வெண்டை 32 செடி. ஒன்றுவிட்டு ஒருநாள் பறித்தால் முப்பது காய் வரும். கீரையில் மூன்று நாளுக்கு ஒருமுறை இரண்டிரண்டு பையாக விதைத்துக்கொண்டே போனால், இருபத்து நாலு நாளில் முதல் இரண்டு பை அறுவடைக்கு வரும்போது கடைசி ஜோடி விதைத்து முடிந்திருக்கும். அதன்பின் மூன்று நாளுக்கு இரண்டு கட்டு, இடைவெளியில்லாமல். தளை விதைகளில் நம்பிக்கையோடு சிபாரிசு செய்யக்கூடியது கீரைதான். தண்டுக்கீரையோ அரைக்கீரையோ எது இருந்தாலும் சரி. ஆறு மிளகாய்ச் செடி பத்து வீட்டுத் தாளிப்புக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். தக்காளியைப் பெரிதாக நம்ப வேண்டாம். வெயில் 35 டிகிரியைத் தாண்டினால் பூ கொட்டும், சென்னையில் பாதி வருடம் அந்த வெயில்தான்.

விதை பாக்கெட்டைப் பிரிக்கும் முன் பின்புறத்தில் சோதனைத் தேதி, காலாவதித் தேதி இரண்டையும் பாருங்கள். சிவப்போ இளஞ்சிவப்போ பூசிய விதை பூஞ்சணக்கொல்லி நேர்த்தி செய்தது. அதில் உயிர் உரத்தைப் பிசறினால் நுண்ணுயிர் செத்துவிடும், வேலை வீண். வெண்டை, கொத்தவரை, கீரை நேரடி விதைப்பு. தக்காளி 25 நாள், கத்தரி 30 முதல் 35, மிளகாய் 40 நாள் நாற்றாக இருந்த பிறகே பைக்கு மாற வேண்டும். பத்து வீட்டுக்கும் ஒரே ஆள், ஒரே குழித்தட்டில் நாற்று விடுவது நல்லது. பத்து இடத்தில் விட்டால் பத்து வயதில் நாற்று வரும்.

நார்க் கட்டிதான் தளையில் கவனமாகக் கையாள வேண்டிய பொருள். இரண்டு கிலோ கட்டியைத் தொட்டியில் போட்டுப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் தண்ணீர் விட்டால் உப்பி 25 லிட்டர் அளவுக்கு மேல் உதிரும். முதலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். வடியும் நீர் கருந்தேநீர் நிறத்தில் இருந்தால் அப்படியே பையில் நிரப்பாதீர்கள். இரண்டு முறை நல்ல தண்ணீர் விட்டு அலசி வடியுங்கள். நாரில் தங்கிய உப்பு நாற்றின் வேரைக் கருக்கும். இலையோரம் காய்ந்து சுருளும். பலர் இதைத் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று எண்ணி இன்னும் ஊற்றுவார்கள்.

அலசினாலும் நாரில் சத்து கிடையாது. அது ஈரத்தைப் பிடித்து வைக்கும் பஞ்சு, அவ்வளவே. வெறும் நாரில் நட்ட செடி மூன்றாம் வாரத்தில் வெளிறும். பை 25 லிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், பாதி நார், கால் மண்புழு உரம் அல்லது நன்கு மக்கிய தொழு உரம், கால் செம்மண் என்ற கலவை சரியாக இருக்கும். இந்தக் கணக்கில் அறுபது கட்டியில் முப்பதுதான் செலவாகும். மிச்சத்தைப் பிரிக்காமல் உலர்ந்த இடத்தில் அடுக்கி வையுங்கள். மூன்று மாதத்தில் பைக் கலவை இறங்கும். அப்போது மேலே நிரப்ப அது உதவும். மண்புழு உரம் மட்டும் 200 கிலோவுக்கு மேல் வாங்க வேண்டியிருக்கும். தளைக்குக் கொடுத்த பணத்துக்கு ஈடான தொகை இதற்கும் ஆகும் என்று முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுங்கள், பிறகு சொன்னால் முகம் சுளிப்பார்கள்.

டிரைக்கோடெர்மா 200 கிராமைப் பத்துக் கிலோ மக்கிய உரத்தில் கலந்து, ஈரச் சாக்குப் போட்டு மூடி, நிழலில் ஒரு வாரம் வைத்துப் பிறகு பைகளுக்குப் பகிர்ந்தால் வேரழுகல், நாற்றழுகல் இரண்டுக்கும் நல்ல காப்பு. உயிர் உரப் பொட்டலங்களில் இருக்கும் அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் உயிருள்ள நுண்ணுயிர்கள். சமையலறைப் பரணில் மூன்று மாதம் கிடந்த பொட்டலத்தில் வெறும் தூள்தான் மிஞ்சும். தளை வந்த அன்றே பத்து வீட்டுப் பொட்டலங்களையும் ஓரிடத்தில் சேர்த்து, தேதி பார்த்து, பழையதை முதலில் செலவிடுங்கள். கலவை நிரப்பி ஏழு முதல் பத்து நாள் ஈரமாக விட்டுவைத்த பின்பே விதைக்க வேண்டும்.

பை விஷயத்தில் ஒரே வேலை: துளை. அடியில் மட்டும் துளையிருந்தால் தரையோடு ஒட்டி அடைபடும். பக்கவாட்டில், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே நாலு துளை போடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் இந்த நாலு துளை இல்லாத பைகள்தான் முதலில் அழுகும். பையை நேராகத் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். மழைநீர் இறங்கும் குழாய் வாயில் கம்பி வலை கட்டாயம். உதிரும் நார் குழாயில் அடைத்துத் தளத்தில் தண்ணீர் நின்றால், மேல்தளத்து வீட்டுக்காரர் அடுத்த கூட்டத்தில் தோட்டத்தையே மூடச் சொல்வார். அவர் பக்கம் நியாயமும் இருக்கும்.

எடைக்கும் பதில் வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பை ஒன்று இருபது கிலோவைத் தாண்டும். அறுபதும் சேர்ந்து ஒன்றேகால் டன். ஆள் நடமாடும் மாடிக்கு இந்தியக் கட்டுமானத் தர விதி வைத்திருக்கும் சுமை சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. சதுர மீட்டருக்கு நாலு பைக்கு மேல் நெருக்காமல், பீம் போகும் வரிசையில், சுவரோரமாக அடுக்கினால் பிரச்சினை இல்லை. நடு மாடியில் குவியலாக வேண்டாம். பழைய கட்டடம், ஏற்கெனவே கசிவு உண்டு என்றால் பொறியாளர் ஒருவர் பார்க்காமல் ஒரு பையும் ஏற்றாதீர்கள்.

தண்ணீர்தான் பத்து வீட்டுக்கும் சண்டை மூட்டும் பொருள். கோடையில் பைக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். அறுபது பைக்கு நாளுக்கு 90 முதல் 120 லிட்டர் ஆகும். லாரித் தண்ணீர் வாங்கும் குடியிருப்பில் இது கண்ணில் படும். ஏசியிலிருந்து வடியும் நீரைத் தாராளமாக விடலாம். ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீர் வேண்டாம். அதில் உப்பு செறிந்திருக்கும், நார் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சொட்டுநீர் போட ஆசைப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மாடித் தொட்டி இரண்டு மீட்டர் உயரத்தில் இருந்தால் அழுத்தம் 0.2 பார்தான். கடையில் தரும் அழுத்தம் சமன்செய்யும் சொட்டுவான்களுக்கு ஒரு பார் அளவுக்குத் தேவை. முதல் வரிசை நனையும், கடைசி வரிசை காயும். நுண்குழாயோ, கையால் திருகும் சொட்டுவானோ வாங்குங்கள். வடிகட்டி ஒன்று, வாரம் ஒருமுறை கழுவ ஓர் ஆள்.

தளையோடு வரும் வேப்ப மருந்து நல்ல பொருள், ஆனால் கண்ணளவில் ஊற்றக்கூடாது. போத்தலில் வேம்பின் செயல்சத்தான அசாடிராக்டின் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று இருக்கும். 1500 என்றால் லிட்டருக்கு 5 மில்லி. 10,000 என்றால் 2 மில்லி போதும். சாயங்காலம் நாலரைக்கு மேல், இலையின் அடிப்புறம் நனையும்படி அடிக்க வேண்டும். வெயில் பட்டால் மருந்து சிதையும். கலந்த நீரை மறுநாளுக்கு வைக்காதீர்கள். பத்துப் போத்தல் ஒரு பருவத்துக்குத் தாராளம்.

மருந்தைவிட முக்கியமான ஒன்று கூட்டுத் தோட்டத்தில் உண்டு. மூன்றாம் மாடி பால்கனியில் ஒரு செம்பருத்தி இருக்கும், அதில் மாவுப்பூச்சி அப்பியிருக்கும். அதை விட்டுவிட்டு மாடியில் எவ்வளவு அடித்தாலும் பத்து நாளில் திரும்பி வரும். வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல் என்ற வைரஸ் நோய் கண்ட செடியை மருந்து காப்பாற்றாது. வெள்ளை ஈ அதை அடுத்த பதினைந்து பைக்குக் கொண்டுபோகும் முன் பிடுங்கிவிட வேண்டும். 'இன்னும் காய்க்கிறதே' என்று கெஞ்சுபவர் எல்லாக் குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார். கத்தரியில் நுனி வாடித் தொங்கினால் உள்ளே புழு. இரண்டு அங்குலம் கீழே கிள்ளி மாடியிலிருந்து அப்புறப்படுத்துங்கள், பைக்குள் போடாதீர்கள்.

ஊட்டத்துக்குக் கடலைப் புண்ணாக்கு ஒரு கிலோவைப் பத்து லிட்டரில் மூன்று நாள் ஊறவைத்து, ஒன்றுக்குப் பத்து தண்ணீர் சேர்த்து இருவாரத்துக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். மீன் அமிலம் நல்ல பலன் தரும், லிட்டருக்கு 5 மில்லி. ஆனால் சைவக் குடும்பங்கள் உள்ள குடியிருப்பில் முன்கூட்டிக் கேட்டுவிட்டு அடியுங்கள்.

கையேடு பயிருக்கு வழி சொல்கிறது, பங்கீட்டுக்குச் சொல்வதில்லை. தனி வீட்டுக்கு எழுதியதில் அதை எதிர்பார்க்கவும் முடியாது. 'என் பை, உன் பை' என்று பெயர் எழுதாதீர்கள். ஊருக்குப் போனவர் பை காயும், பூச்சி மட்டும் எல்லார் பைக்கும் பரவும். பை பொது, நாள்தான் வீட்டுக்கு. கிராமத்தில் வயலுக்கு ஆள் மாற்றி நீர் பாய்ச்சும் மடை முறை போல, நீர் ஊற்றும் முறை யாருக்கோ பறிக்கும் உரிமையும் அவருக்கே. இதில் ஒரு பொறி இருக்கிறது. பத்து வீட்டுக்கு நாளுக்கு ஒரு வீடு என்று முறை போட்டால், வெண்டை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிப்பதால், ஐந்து வீட்டுக்கு மட்டுமே காய் விழும். மற்ற ஐந்துக்குப் பருவம் முழுக்கத் தண்ணீர் ஊற்றும் வேலைதான். இரண்டு வீட்டை ஒரு ஜோடியாக்கி, இரண்டு நாள் ஒரு முறையாக வையுங்கள். பத்து நாளில் சுற்று முடியும், முப்பது காயை ஆளுக்குப் பதினைந்தாகப் பிரித்துக்கொள்ளலாம், நாற்பது நாள் காய்ப்பில் வீட்டுக்கு நாலு முறை. ஜோடியில் ஒருவர் பொங்கலுக்கு ஊருக்குப் போனாலும் மற்றவர் ஊற்றுவார்.

முதல் பருவத்தை ஆடியில் தொடங்குங்கள், ஐப்பசி மழைக்குள் வெண்டையும் கீரையும் ஓரளவு முடிந்திருக்கும். தைப்பட்டம் அடுத்தது. பங்குனி முதல் ஐம்பது சதவீத நிழல்வலை வேண்டும். அது தளையில் வராது, கம்பி, கட்டுமானத்தோடு தனிச் செலவு. பருவம் மாறும்போது கலவையைக் கொட்டி, பழைய வேரைச் சலித்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நாலில் ஒரு பங்கு புது உரம் சேர்த்து மறுபடி நிரப்புங்கள். தக்காளி இருந்த கலவையில் கத்தரி, மிளகாய் போடாமல் கீரையோ கொத்தவரையோ போடுங்கள். பை வெயிலில் நொறுங்கும்; ஓரத்தைப் பிடித்துத் தூக்கினால் முதலில் கிழிவது தையல்தான். நிரப்பிய பையை இரண்டு பேர், அடியில் கை கொடுத்துத்தான் நகர்த்த வேண்டும்.