டகோட்டா: இம்பெல்லர் கணக்கில் பழகிப் பார்த்தபின்

பெல் நிறுவனத்தின் கொதிகலன் துணைக்கருவித் தொழிற்சாலை ராணிப்பேட்டையில் இருப்பதால், சுற்றுவட்டாரப் பட்டறைகளுக்குப் பெரிய விசிறி வேலை புதிதன்று. அப்படியொரு பட்டறைக்காக, நிமிடத்துக்கு 1480 முறை சுற்றும் இம்பெல்லரின் (விசிறியின் சுழலும் சக்கரம்) பின்தட்டையும் இறக்கைகளையும் எவ்வளவு மெல்லிய தகட்டில் செய்யலாம் என்று கணக்கிட்டுத் தர வேண்டியிருந்தது. மெஷ் போட, அதாவது வடிவத்தைக் கணக்குக்காகச் சிறு கூறுகளாகப் பிரிக்க ஜிமெஷ், தகைவு (ஓர் அலகு பரப்பில் பொருளுக்குள் எழும் விசை) கணக்கிடக் கால்குலிக்ஸ் என்று இரண்டு இலவச மென்பொருள்களை ஏற்கெனவே கையாண்டு வந்தேன். ஆனால் தடிமனை மாற்றும்போதெல்லாம் ஒன்றின் கோப்பை எடுத்து மற்றொன்றுக்குக் கொடுத்து, விடையைத் தாளில் குறித்துக்கொள்வதிலேயே பொழுது போய்விடும். அதைத் தவிர்க்கவே அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகம் உருவாக்கிய டகோட்டா என்ற மென்பொருளை நிறுவினேன். இதற்கும் விலை கிடையாது.

மெஷ் என்பதோ தகைவு என்பதோ டகோட்டாவுக்குத் தெரியாது. மாறிகளின் மதிப்புகளை ஒரு கோப்பில் எழுதிவிட்டு நம் ஸ்கிரிப்டை (நாம் எழுதித் தரும் சிறு நிரல்) அது அழைக்கும். ஸ்கிரிப்ட் இரண்டு மென்பொருள்களையும் ஓட்டி, விடையை இன்னொரு கோப்பில் எழுதியதும் டகோட்டா அதைப் படித்துக்கொண்டு அடுத்த மதிப்புக்குப் போகும். கூடவே வரும் டிப்ரெப்ரோ என்ற சிறு கருவி, மாதிரிக் கோப்பில் நெளிவு அடைப்புக்குள் நாம் இட்ட பெயர்களை நீக்கி எண்களைப் பொருத்தித் தருகிறது. இந்த எளிமைதான் இதன் பலம். சுமை முழுவதும் ஸ்கிரிப்டின் மேல் விழுவதும் இதனால்தான்: கால்குலிக்ஸ் அச்சிடும் ஆறு தகைவுக் கூறுகளிலிருந்து வான் மிசஸ் மதிப்பை (ஆறையும் ஒரே எண்ணாகச் சுருக்கிய தகைவு) கணக்கிட்டு, அவற்றில் பெரியதைத் தேடியெடுக்கும் பகுதியை எழுதவே எனக்கு மூன்று நாள் பிடித்தது. வரைகலை முகப்பும் உண்டு. நான் அதைத் தொடவில்லை.

சித்திரை வெயிலில் வேலூர்ப் பக்கம் பகலில் கணினியை முழு மூச்சில் ஓட்டுவது அதற்கும் நமக்கும் தண்டனை என்பதால், 60 ஓட்டங்களை இரவில் விட்டேன். நடுநிசியில் மின்சாரம் போய், யுபிஎஸ்ஸும் தீர்ந்துவிட்டது. காலையில் பார்த்தால் முடிந்த 41 ஓட்டங்களின் விடைகளும் மறுதொடக்கக் கோப்பில் பத்திரமாக இருந்தன. மிச்சத்தை மட்டும் ஓட்டினால் போதும் என்றானது. இதற்காகவே இம்மென்பொருளுக்கு மனமாரப் பரிந்துரை தரலாம்.

ஆனால் அந்த 60 விடைகளும் தவறு. மையவிலக்கு விசைக்குக் கால்குலிக்ஸ் கேட்பது கோண வேகத்தின் வர்க்கம்; 24,020 என்று கொடுக்க வேண்டிய இடத்தில் வர்க்கப்படுத்தாமல் 155 என்று கொடுத்திருந்தேன். 600 மி.மீ. ஆரமுள்ள மெல்லிய எஃகு வளையம் இதே வேகத்தில் சுற்றினாலே தகைவு ஏறத்தாழ 68 மெகாபாஸ்கல் வரும் என்பது கைக்கணக்கு. எனக்கோ ஒரு மெகாபாஸ்கலைக்கூடத் தொடாத எண்கள் வரிசையாக வந்து, எந்தத் தடிமனும் போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தன. கையால் ஓட்டியிருந்தால் இரண்டாவது விடையிலேயே சந்தேகம் வந்திருக்கும்.

விடைக்கோப்பில் ஃபெயில் என்று எழுதினால் டகோட்டா அதைத் தோல்வியாக எடுத்துக்கொண்டு, வேறு கட்டளை இல்லாதபோது அங்கேயே நின்றுவிடும். இப்போது என் ஸ்கிரிப்ட், வளையக் கணக்கில் பாதிக்கும் கீழே தகைவு வந்தால் எண்ணுக்குப் பதில் அந்தச் சொல்லைத்தான் எழுதுகிறது.