உபினா, சிஸ்டர்ஸ் தீவுகளா: எந்தப் பராமரிப்பு நிலைக்கும்?

சிங்கப்பூரின் இந்தத் தீவுகள் இரண்டையும் கவனிப்பது தேசியப் பூங்காக் கழகம்தான், வழிகள்தான் வேறு.

புலாவ் உபினில் இன்னும் மக்கள் வாழ்கிறார்கள். சாங்கியில் படகேறிப் போய், சைக்கிளை வாடகைக்கு எடுத்து யாரும் சுற்றலாம். கருங்கல் வெட்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து, ஓரமெல்லாம் மரம் மண்டியிருக்கிறது. கைவிடப்பட்ட மீன், இறால் வளர்ப்புக் குட்டைகளில் கன்றுகளை நட்டுக் குவிக்காமல், நீரோட்டத்தைச் சரிசெய்து அலையாத்தியைத் தானாக முளைக்கவிடும் முயற்சி நடக்கிறது. இந்தப் பொறுமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. உபினின் கிழக்கு முனையிலுள்ள கடலோரச் சதுப்புநிலமான செக் ஜாவாவில், கடலைத் தூர்த்து நிலமாக்கும் நிலமீட்பு 2001இல் ஒத்திவைக்கப்பட்டது. 2007இல் பலகை நடைபாதை வந்தது. கடல் வற்றும்போது அதன்மேல் நின்றபடியே கடற்புல்லைப் பார்க்கலாம், எதையும் மிதிக்க வேண்டாம்.

சிஸ்டர்ஸ் தீவுகள் 2014இல் நாட்டின் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. பெரிய தீவு 2024இல் மறுபடி திறந்தது. சின்னத் தீவு ஆய்வுக்கும் பாதுகாப்புக்கும் என்று ஒதுக்கப்பட்டு, பொதுமக்களுக்கு மூடியே இருக்கிறது. பவளத்துக்கு இதுதான் சரி. ஒரு உதை போதும், பல ஆண்டு வளர்ந்த கிளை ஒடிந்துவிடும்.

உபினை அப்படிப் பூட்டினால் படகோட்டியும் கடைக்காரரும் போய், தீவின் பாதி உயிர் போய்விடும். அது திறந்தே இருக்கட்டும். செக் ஜாவா மணல்திட்டுக்கு மட்டும் சின்னத் தீவின் கண்டிப்பு வேண்டும். அங்கே நிலமீட்பை ஒத்திவைத்தது போதாது, நிரந்தரமாகக் கைவிட வேண்டும்.